வாத்தியார் போடும் மார்க்கும், முகம் தெரியாதவர் போடும் மார்க்கும்

ஒவ்வொரு வருஷமும் மார்ச் மாதம் பிளஸ் டூ தேர்வு நடக்கும்போது ஒரு குரல் தவறாமல் கேட்கும். "இரண்டு வருஷம் படித்ததை மூணு மணி நேரத்தில் எப்படி அளக்க முடியும்? தினமும் பக்கத்தில் இருந்து பார்க்கிற ஆசிரியருக்குத் தெரியாததா? அவரே மார்க் போட்டுவிட்டுப் போகட்டுமே!"

கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. மேடையில் சொன்னால் கைதட்டல் விழும். பொதுத்தேர்வு என்றால் ஈவு இரக்கமில்லாத இயந்திரம், ஆசிரியர் மதிப்பீடு என்றால் அன்பும் அரவணைப்பும்... இப்படி ஒரு படம் பலர் மனதில் பதிந்துபோயிருக்கிறது. படித்தவர்கள், முற்போக்காகப் பேசுபவர்கள் மனதில் இன்னும் அழுத்தமாகவே பதிந்திருக்கிறது.

அந்தப் படம் தப்பு. ஆள்பலம் இல்லாத, சிபாரிசு இல்லாத, வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து யார் கண்ணிலும் படாத ஒரு பிள்ளைக்கு, தன்னை யாரென்றே தெரியாத ஒருவர் விடைத்தாளைத் திருத்துவதுதான் பெரிய பாதுகாப்பு. அதைப் பிடுங்கி வகுப்பு ஆசிரியர் கையில் கொடுத்தால் ஏமாறப்போவது அந்தப் பிள்ளைதான்.

கோபம் வருகிறதா? கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஆசிரியருக்கு என்னவெல்லாம் தெரியும்?

தன் மாணவர்களைப் பற்றி ஆசிரியருக்கு நிறையத் தெரியும். இதில் சந்தேகமே இல்லை. யார் புரிந்து படிக்கிறார், யார் கைடை வைத்து உருப்போடுகிறார், யாருக்கு எட்டாம் வகுப்பில் பின்னம் சரியாக வராததால் இன்றைக்கு இயற்பியல் கணக்கு வரவில்லை, யார் வீட்டில் நன்றாகப் போட்டுவிட்டுப் பரீட்சை ஹாலில் மட்டும் சொதப்புகிறார்... எந்தப் பொதுத்தேர்வாலும் இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் அவருக்கு வேறு சில விஷயங்களும் தெரியும். அந்தப் பையன் எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை, அப்பா என்ன வேலை பார்க்கிறார், சாயங்காலம் தன்னிடம் டியூஷன் வருகிறானா வேறு மாஸ்டரிடம் போகிறானா, போன மாதம் வகுப்பில் எதிர்க்கேள்வி கேட்டது இவன்தானா, இவன் அண்ணன் இதே பள்ளியில் என்ன ரகளை பண்ணினான்... எல்லாம் தெரியும். மார்க் போடும் பேனாவுக்கு இவற்றில் எதுவுமே தெரிய வேண்டியதில்லை. தெரிந்தால் பேனா சாயும். கெட்ட ஆசிரியரின் பேனா மட்டும்தான் சாயும் என்று நினைக்க வேண்டாம். "பாவம், தங்கமான பிள்ளை" என்று இரண்டு மார்க் கூடுவதும் சாய்வுதான். அந்தத் தங்கமான பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வாயாடிப் பிள்ளைக்கு அந்த இரண்டு மார்க் நஷ்டம்.

இது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. ரேமா ஹன்னா, லீ லிண்டன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இந்தியாவில் ஒரு சோதனை செய்து 2012-ல் வெளியிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒரு தேர்வு வைத்தார்கள். விடைத்தாள்களின் முகப்பில் சாதி, வயது, பாலினம் ஆகிய விவரங்களைக் குலுக்கல் முறையில் மாற்றி மாற்றி எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். விடைத்தாளின் தரத்துக்கும் முகப்பில் எழுதிய சாதிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. முடிவு என்ன? தாழ்த்தப்பட்ட சாதி என்று குறிப்பிட்ட தாள்களுக்கு மார்க் கொஞ்சம் குறைவாக விழுந்தது. வித்தியாசம் பெரியதில்லை, சிறியதுதான். ஆனால் திசை ஒன்றுதான். இதில் இன்னொரு அதிர்ச்சியும் உண்டு. இப்படிக் குறைத்துப் போட்டவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஆசிரியர்களே. உயர்சாதி ஆசிரியர்களிடம் அந்தச் சாய்வுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

ஆக, "நல்ல ஆசிரியராகப் பார்த்துப் போட்டால் போதும்" என்ற சமாதானம் எடுபடாது. சாய்வு எந்தத் திசையிலிருந்து வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. சுலபமான மருந்து ஒன்றே ஒன்றுதான்: அந்த முகப்பைக் கிழித்துவிடுவது.

டம்மி நம்பர் என்ற மகத்துவம்

அதைத்தான் பொதுத்தேர்வு செய்கிறது. பிளஸ் டூ விடைத்தாள் எப்படித் திருத்தப்படுகிறது என்று பலருக்கும் தெரிவதில்லை. பெயரும் பதிவு எண்ணும் உள்ள முகப்புத் தாள் பிரிக்கப்படும். தாளுக்கு டம்மி நம்பர் விழும். கட்டுகள் வேறு ஊர் மையத்துக்குப் போகும். அங்கே ஆசிரியர்கள் முகாமாக உட்கார்ந்து, எல்லாருக்கும் பொதுவான ஒரே விடைக்குறிப்பை வைத்துத் திருத்துவார்கள். கூட்டல் சரியா, விடுபட்ட கேள்வி உண்டா என்று இன்னொருவர் பார்ப்பார். முடிவு வந்த பிறகும் சந்தேகம் இருந்தால் பணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்கலாம், மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ போகலாம்.

இந்தப் பொது விடைக்குறிப்பு ஏன் அவ்வளவு முக்கியம்? அமெரிக்காவில் 1912, 1913-லேயே ஸ்டார்ச், எலியட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் காட்டிவிட்டார்கள். ஒரே ஒரு வடிவியல் விடைத்தாளை நகலெடுத்து நூற்றுக்கும் மேற்பட்ட கணக்கு ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள். வந்த மார்க்குகள் 28-லிருந்து 90-க்கு மேல் வரை பரவிக் கிடந்தன. கட்டுரை கூட இல்லை, கணக்கு! ஒரே தாள், நூறு தீர்ப்பு. வகுப்பறையில் தனியாக உட்கார்ந்து திருத்தும் ஆசிரியர் அந்த நூறு பேரில் ஒருவர். அவர் 28 போடுகிறவரா, 90 போடுகிறவரா என்பது மாணவனின் தலையெழுத்து.

பொதுத்தேர்விலும் தப்பு நடக்கிறது. கூட்டல் பிழை வருகிறது, ஒரு பக்கத்தையே திருத்தாமல் விட்ட கதைகளும் உண்டு. ஆனால் அங்கே தப்பு நடந்தால் கேட்க ஒரு வழி இருக்கிறது. வகுப்பு ஆசிரியர் போடும் இன்டர்னல் மார்க்குக்கு மறுகூட்டல் உண்டா? விடைத்தாள் நகல் உண்டா? "சார், ஏன் எனக்கு 6?" என்று கேட்டால் அடுத்த முறை 5 வராது என்பதற்கு உத்தரவாதம் உண்டா?

பத்துக்குப் பத்து!

இன்டர்னல் என்றதும் எல்லாருக்கும் ஒரு சிரிப்பு வரும். வரட்டும்.

2017-18-ல் தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பு மார்க் 1200-லிருந்து 600 ஆனபோது, ஒவ்வொரு பாடத்திலும் 10 மார்க் அகமதிப்பீட்டுக்கு ஒதுக்கினார்கள். வருகைப்பதிவு, பள்ளியில் வைக்கும் தேர்வுகள், ஒப்படைப்பு, இணைச் செயல்பாடுகள் என்று அழகான தலைப்புகள். நடைமுறை என்ன என்பது ஊரறிந்த ரகசியம். பெரும்பாலான பள்ளிகளில் எல்லாருக்கும் பத்துக்குப் பத்து. பள்ளியைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. பொறியியல் கலந்தாய்வில் கணக்கு 100, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 100 என்று 200-க்குத்தான் கட்-ஆஃப். கணக்கில் இன்டர்னல் ஒரு மார்க் குறைந்தால் கட்-ஆஃபில் முழுசாக ஒரு மார்க் போச்சு. அரை மார்க்கில் கல்லூரியே மாறிப்போகிற ஊரில், பக்கத்துப் பள்ளி பத்து போடும்போது எந்தத் தலைமையாசிரியர் நேர்மையாக ஏழு போட முடியும்? நேர்மையான பள்ளியின் பிள்ளைதான் தண்டனை அனுபவிக்கும்.

எல்லாருக்கும் பத்து என்றால் அந்தப் பத்து எதையும் அளக்கவில்லை. 100 மார்க் தேர்வு 90 மார்க் தேர்வாக ஆனதுதான் மிச்சம்.

சரி, எல்லாருக்கும் பத்து போடாத இடத்தில் என்ன நடக்கிறது? அங்கேதான் உண்மையான ஆபத்து. இதைத் தெரிந்துகொள்ள ஒரு கல்லூரிக்குள் போக வேண்டும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையில் எழுத்துத் தாளுக்கு இன்டர்னல் 20, பல்கலைக்கழகத் தேர்வு 80. 2021 ஒழுங்குமுறையில் அது 40, 60 ஆனது. காகிதத்தில் இது சீர்திருத்தம்: மாணவன் வருஷம் முழுக்கப் படிப்பான், ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடாது. எந்தக் கல்லூரி ஹாஸ்டலிலும் எந்த மாணவனைக் கேட்டாலும் வேறு விளக்கம் கிடைக்கும். "இன்டர்னல்ல கை வச்சிருவேன்" என்ற மந்திரம்! மெஸ் சாப்பாட்டில் புழு என்று புகார் எழுதப் போனால் இந்த மந்திரம். கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்று முதல்வர் அறைக்கு முன்னால் நின்றால் இந்த மந்திரம். ரசீது இல்லாமல் ஒரு கட்டணம் கேட்கிறார்களே என்று வாய் திறந்தால், "டேய், உனக்கு லேப் இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ." ஒரு மாணவி தன்னிடம் தப்பாக நடந்துகொண்ட ஆசிரியரைப் பற்றிச் சொல்ல நினைக்கும்போது, தோழிகள் முதலில் சொல்லும் எச்சரிக்கையும் இன்டர்னலைப் பற்றித்தான்.

மந்திரம் எப்போதாவதுதான் பலிக்கிறது. நூறு முறை மிரட்டினால் ஒரு முறை உண்மையிலேயே கை வைப்பார்களாக இருக்கும். அந்த ஒன்று போதும், மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். மார்க் யாருக்குக் கூடியது, யாருக்குக் குறைந்தது என்பதை விட, அந்தப் பயத்தில் யாரெல்லாம் பேசாமல் போனார்கள் என்பதுதான் பெரிய கணக்கு. அந்தக் கணக்கை எந்த மதிப்பெண் பட்டியலும் காட்டாது. படிப்பை அளக்க வைத்த தராசு, பணிவை அளக்க ஆரம்பித்துவிட்டது.

இதற்கும் ஆசிரியர்கள் கெட்டவர்கள் என்பதற்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலான ஆசிரியர்கள் அந்தப் பேனாவைத் தவறாகப் பயன்படுத்துவதே இல்லை. ஆனால் பயன்படுத்த முடியும் என்பது மாணவனுக்குத் தெரியும். நேர்மையான ஆசிரியரிடம் கூட ஒரு சந்தேகத்தைக் கூச்சமில்லாமல் கேட்க முடியாமல் போவது அதனால்தான். "இது கூடத் தெரியாதா" என்று நினைத்து மார்க்கில் குறைத்துவிட்டால்? கிரிக்கெட்டில் கோச்சே அம்பயராக நின்றால் பையன் கோச்சிடம் போய் "எனக்கு ஷார்ட் பால் ஆட வரவில்லை" என்று எப்படிச் சொல்வான்?

உலகமே நடத்திப் பார்த்த பரிசோதனை

"இதெல்லாம் நம்ம ஊர்க் கோளாறு. வெளிநாட்டில் ஆசிரியர்களை நம்புகிறார்கள்" என்று சிலர் சொல்வார்கள். நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு கொரோனா காலத்தில் ஒரு பரிசோதனையே நடந்தது.

2020-ல் பிரிட்டனில் ஏ லெவல் தேர்வுகள் ரத்தாகின. நம்ம பிளஸ் டூ மாதிரி அங்கே பல்கலைக்கழக வாசல் அதுதான். ஆசிரியர்களே ஒவ்வொரு மாணவனுக்கும் கிரேடு மதிப்பிட்டு, வரிசைப்படுத்தியும் அனுப்பச் சொன்னார்கள். வந்த கிரேடுகள் வழக்கத்தை விட ரொம்ப அதிகம். உடனே இங்கிலாந்தின் தேர்வு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்க்வால் ஒரு கணக்கீட்டு முறையை இறக்கியது. பள்ளியின் முந்தைய வருஷ ரிசல்ட்டை வைத்து இந்த வருஷப் பிள்ளைகளின் கிரேடை வெட்டுவது! ஆகஸ்ட் 13 அன்று முடிவு வந்தபோது இங்கிலாந்தில் ஆசிரியர்கள் கொடுத்த கிரேடுகளில் சுமார் 39 சதவீதம் குறைக்கப்பட்டிருந்தன. ஐந்து பேரோ அதற்கும் குறைவாகவோ இருந்த சின்ன வகுப்புகளுக்கு மட்டும் ஆசிரியர் கிரேடு அப்படியே போனது. சின்ன வகுப்புகள் எங்கே அதிகம்? காசு கட்டிப் படிக்கும் தனியார் பள்ளிகளில். சுமாரான அரசுப் பள்ளியில் படித்த கெட்டிக்காரப் பிள்ளை, தனக்கு முன்னால் படித்தவர்கள் வாங்கிய மார்க்குக்காகத் தண்டிக்கப்பட்டது. பிள்ளைகள் தெருவுக்கு வந்து போராடினார்கள். நாலே நாளில், ஆகஸ்ட் 17 அன்று, அரசு பின்வாங்கி ஆசிரியர் கிரேடையே ஏற்றுக்கொண்டது.

அதன் பிறகு? பிரிட்டன் முழுவதிலும் உயர்ந்த இரண்டு கிரேடுகள் வாங்கியவை 2019-ல் 25.4 சதவீதம். 2020-ல் சுமார் 38.5. ஆசிரியர் மதிப்பீடே தொடர்ந்த 2021-ல் 44.8. தேர்வு திரும்பி வந்து பழைய அளவுகோலுக்குப் போன 2023-ல் 27.2. இரண்டே வருஷத்தில் ஒரு தேசத்தின் அறிவு முக்கால் பங்கு கூடி, மறுபடி இறங்கிப்போனதா என்ன? :-)

இதில் கவனிக்க வேண்டியது அந்தக் கணக்கீட்டு முறையின் கொடுமை மட்டும் இல்லை. அது ஏன் தேவைப்பட்டது என்பதுதான். ஆசிரியர் கிரேடு தனியாக நின்றால் ஒரு பள்ளியின் 'ஏ'யும் இன்னொரு பள்ளியின் 'ஏ'யும் ஒன்றா என்று யாருக்கும் தெரியாது. அதைச் சரிசெய்யப் போனால் பள்ளியின் பழைய சரித்திரத்தைத்தான் பிடிக்க வேண்டும். அதாவது பிள்ளையைப் பிறந்த ஊரை வைத்து எடைபோட வேண்டும். இந்தியாவில் 2021-ல் சி.பி.எஸ்.இ. செய்ததும் ஏறக்குறைய இதுவே. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பள்ளிகள் போடும் மார்க், அந்தப் பள்ளியின் முந்தைய மூன்று வருஷங்களில் சிறந்த வருஷத்தின் ரிசல்ட்டுக்கு ஒத்துப்போக வேண்டும் என்று கடிவாளம் போட்டார்கள்.

தமிழ்நாடு என்ன செய்தது? 2021-ல் பிளஸ் டூ தேர்வை ரத்து செய்துவிட்டு மார்க் கணக்கிட்ட முறை இது: பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அதிக மார்க் வாங்கிய மூன்று பாடங்களின் சராசரிக்கு 50 சதவீதம், பிளஸ் ஒன் எழுத்துத் தேர்வுக்கு 20 சதவீதம், பிளஸ் டூ செய்முறை மற்றும் அகமதிப்பீட்டுக்கு 30 சதவீதம். பாருங்கள், தேர்வே நடத்த முடியாத வருஷத்தில் கூட, நூற்றுக்கு எழுபதைப் பழைய பொதுத்தேர்வுகளிலிருந்துதான் தேடி எடுத்தார்கள். வகுப்பு ஆசிரியர் கையில் மொத்தத்தையும் கொடுக்க அரசுக்கே தைரியம் வரவில்லை. அது சரியான முடிவு.

"அப்படியென்றால் நீட்டுக்கு ஜால்ராவா?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பதில்: இல்லை.

பொதுவான தேர்வு என்றால் எல்லாத் தேர்வும் ஒன்றில்லை. தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கான நுழைவுத்தேர்வு 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தது. கிராமத்துப் பிள்ளைகளால் கோச்சிங் போக முடியவில்லை என்ற காரணத்துக்காக 2006-ல் சட்டம் இயற்றி, 2007-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு ஒழிக்கப்பட்டது. மருத்துவப் படிப்புக்கு 2017-லிருந்து நீட் வந்து உட்கார்ந்தது.

இந்த வரலாற்றைச் சொல்லும்போது பலர் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். நுழைவுத்தேர்வை ஒழித்த தமிழ்நாடு, அந்த இடத்தில் ஆசிரியர் மதிப்பீட்டைக் கொண்டுவந்து வைக்கவில்லை. பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்க்கை வைத்தது. அதுவும் லட்சக்கணக்கான பேர் ஒரே வினாத்தாளை எழுதும் தேர்வுதான். சண்டை தேர்வுக்கும் ஆசிரியருக்கும் நடந்ததில்லை. வகுப்பறையில் நடத்திய பாடத்திலிருந்து கேட்கும் ஒரு தேர்வுக்கும், வகுப்பறைக்கு வெளியே காசு கொடுத்துப் பயிற்சி எடுக்க வேண்டிய இன்னொரு தேர்வுக்கும் நடந்த சண்டை அது.

அரியலூர் மாவட்டத்து அனிதாவை யாரும் மறந்திருக்க முடியாது. பிளஸ் டூவில் 1200-க்கு 1176. நீட்டில் 720-க்கு 86. உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடிவிட்டு, 2017 செப்டம்பர் 1 அன்று உயிரை விட்டார். அந்த 1176 ஏன் நாட்டையே உலுக்கியது? ஒரு கூலித் தொழிலாளியின் மகளுக்கு யாரோ இரக்கப்பட்டுப் போட்ட மார்க் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. அதன் பெரும்பகுதியைப் போட்டது அவர் முகத்தையே பார்க்காத பேனாக்கள். அதே 1176 பள்ளி கொடுத்த இன்டர்னலாக இருந்திருந்தால், "எல்லாப் பள்ளியிலும்தான் அள்ளிப் போடுகிறார்களே" என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள்.

நீட்டின் கோளாறு அது பொதுவாக இருப்பதில் இல்லை. பள்ளியிலிருந்து அறுந்து நிற்பதில்தான் கோளாறு. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-ல் கொடுத்த அறிக்கைப்படி, தமிழ்நாட்டில் மருத்துவம் சேர்ந்தவர்களில் இரண்டாம் முறை, மூன்றாம் முறை எழுதியவர்கள் 2016-17-ல் சுமார் 12 சதவீதம். 2020-21-ல் சுமார் 71 சதவீதம். ஒரு வருஷம், இரண்டு வருஷம் வீட்டில் இருந்து கோச்சிங் கட்டணம் கட்ட யாரால் முடியும்? அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-ல் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு கொடுத்துத்தான் வாசலையே திறக்க வேண்டியிருந்தது. 2024-ல் 67 பேர் 720-க்கு 720 என்று முதலில் அறிவித்ததும், 1,563 பேருக்குப் போட்ட கருணை மார்க்கைத் திரும்பப் பெற்றதும், பாட்னாவிலும் ஹசாரிபாக்கிலும் வினாத்தாள் கசிந்ததும் தனிக் கூத்து.

ஆக, ஒரு தேர்வு நியாயமானதா என்று பார்க்க மூன்று கேள்வி போதும். பள்ளியில் நடத்தியதைத்தான் கேட்கிறதா? திருத்துபவருக்கு எழுதியவர் யாரென்று தெரியாமல் இருக்கிறதா? தப்பு நடந்தால் எதிர்த்துக் கேட்க வழி இருக்கிறதா? நீட் முதல் கேள்வியில் தோற்கிறது. இன்டர்னல் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தோற்கிறது. பிளஸ் டூ பொதுத்தேர்வு, ஆயிரம் ஓட்டைகளோடு, மூன்றிலும் தட்டுத்தடுமாறித் தேறுகிறது.

பணக்காரனுக்குத்தான் மார்க் வருமா?

"எந்தத் தேர்வாக இருந்தாலும் வசதியானவன்தானே ஜெயிக்கிறான்" என்பது அடுத்த வாதம். உண்மைதான். டியூஷன், தனி அறை, வயிறு நிறையச் சாப்பாடு எல்லாமே மார்க்காக மாறும். ஆனால் ஆசிரியர் மதிப்பீட்டில் வசதி மாறாதா? சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு வாரியத் தேர்வை விருப்பத் தேர்வாக்கி, தொடர் மதிப்பீட்டை வைத்திருந்த வருஷங்களை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டிலும் 2012-13-லிருந்து எட்டாம் வகுப்பு வரை வளரறி மதிப்பீடு 40, தொகுத்தறி மதிப்பீடு 60 என்று வந்தது. நோக்கம் உயர்ந்தது. ஊரில் நடந்தது என்ன? ஸ்டேஷனரிக் கடையில் தெர்மாகோல் வியாபாரம் சூடு பிடித்தது. எரிமலை மாடல் ரெடிமேடாக விற்றது. இன்ஜினியர் அப்பா ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து மகனுக்கு காற்றாலை செய்தார். செங்கல் சூளையில் வேலை பார்க்கும் அப்பாவின் மகன் ஒரு சார்ட் பேப்பரோடு வந்து நின்றான். இந்த மதிப்பீடு வசதியை அளக்கவில்லையா? வாரியத் தேர்வு 2018-ல் மறுபடி கட்டாயமானது சும்மா இல்லை.

அமெரிக்காவில் 2020-க்குப் பிறகு பல பல்கலைக்கழகங்கள் எஸ்.ஏ.டி. தேர்வு மார்க்கைக் கேட்பதை நிறுத்தின. அதில் எம்.ஐ.டி. (குரோம்பேட்டை இல்லை, மாசசூசெட்ஸ்!) 2022-லேயே தேர்வைத் திரும்பக் கொண்டுவந்தது. அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, வசதி குறைந்த பள்ளிகளில் இருக்கும் திறமைசாலிகளைக் கண்டுபிடிக்க அந்த மார்க் உதவுகிறது என்பது. பெரிய பள்ளி மாணவனுக்கு உயர்நிலைப் பாடங்கள், சிபாரிசுக் கடிதம் எழுதத் தெரிந்த ஆசிரியர் என்று தன்னைக் காட்டிக்கொள்ள பத்து வழிகள். சின்ன ஊர்ப் பிள்ளைக்கு ஒரே வழி அந்தத் தேர்வு.

என்ன செய்யலாம்?

பொதுத்தேர்வு புனிதமானது என்று சொல்ல வரவில்லை. புத்தகத்தின் பின்பக்கக் கேள்வியை உருப்போட்டாலே சென்டம் வரும் என்றால் அது தேர்வின் குறை. பிளஸ் ஒன் பாடத்தையே நடத்தாமல் இரண்டு வருஷமும் பிளஸ் டூவை அரைத்த பள்ளிகள் இருந்தன. அதைத் தடுக்கத்தான் 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26-லிருந்து அது எடுக்கப்பட்டுவிட்டது. பழைய அரவை மறுபடி தொடங்காமல் பார்த்துக்கொள்வது இனி அரசின் பொறுப்பு. கேள்வியை யோசிக்க வைப்பதாக மாற்றலாம். ஒரே நாள் பயத்தைப் போக்க வருஷத்துக்கு இரண்டு வாய்ப்பு கொடுத்து நல்ல மார்க்கை எடுத்துக்கொள்ளலாம். இதெல்லாம் தேர்வைச் சரிசெய்யும் வேலை. தராசில் முள் சரியில்லை என்றால் முள்ளைத்தான் மாற்ற வேண்டும். கடைக்காரர் கையால் தூக்கிப் பார்த்து எடை சொல்லட்டும் என்று யாரும் விடமாட்டார்கள்.

கல்லூரிகளில் இன்டர்னல் இருக்கட்டும், ஆனால் இப்படி: உள்தேர்வுத் தாளை எண் போட்டு, வேறு வகுப்பு ஆசிரியர் திருத்தட்டும். திருத்திய தாள் மாணவன் கைக்குத் திரும்பி வரட்டும். மார்க் பல்கலைக்கழகத்துக்குப் போகும் முன்பு மேல்முறையீடு செய்ய ஒரு வாரம் இருக்கட்டும். ஒழுக்கம், நடத்தை, தாடி, இன்-சர்ட், ஸ்ட்ரைக் எதற்கும் இன்டர்னலில் கை வைக்கக் கூடாது என்று எழுத்தில் இருக்கட்டும். இதற்கெல்லாம் கோடிக்கணக்கில் செலவாகாது.

ஆசிரியரின் தீர்ப்பு? அது விலைமதிப்பற்றது. அதைச் சொல்ல வேண்டிய இடம் மதிப்பெண் பட்டியல் இல்லை, மாணவனின் நோட்டு. "இந்த இடத்தில் உனக்குப் புரியவில்லை, மறுபடி வா, சொல்லித் தருகிறேன்" என்று சிவப்பு மையில் எழுதும் ஒரு வரி, எந்தப் பத்து மார்க்கையும் விட மேல். மார்க் அதிகாரத்தைக் கையிலிருந்து எடுத்துவிட்டால் ஆசிரியருக்கு ஒன்றும் குறையாது. தன்னைப் பார்த்து யாரும் பயப்படாத ஒரு வகுப்பு அவருக்குக் கிடைக்கும்.

கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கும் ஒரு டம்மி நம்பர் கிடைக்கும். அந்த நம்பருக்குத் தெரு கிடையாது, அப்பா கிடையாது, சாதி கிடையாது, போன மாதம் எதிர்த்துப் பேசிய கணக்கும் கிடையாது. எழுதியது மட்டும்தான் இருக்கும். அந்தப் பிள்ளைக்கு அது போதும்.